கூலிக்கு வந்து ராச்சியம் பிடித்தவர்கள்: பலர்மோ நாட்குறிப்பு

2 மார்ச் 2025, ஞாயிறு

சிசிலித் தீவின் தலைநகர் பலர்மோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நோர்மன்கள்தான். அரண்மனை அவர்களுடையது. பேராலயத்துக்குள் போனால் அவர்களுடைய கல்லறைகள். நான் வேலைசெய்யும் வீட்டு அம்மா, சின்யோரா, "எங்கள் நோர்மன் ராசாக்கள்" என்று உரிமையோடு கதைப்பார். அவருடைய அலுமாரியில் இந்த வரலாற்றுக்கென்றே ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் உண்டு. இரவில் ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறேன். வாசித்தது மறந்துபோகாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

நோர்மன் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1066. வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த வருடம். ஹேஸ்டிங்ஸ், ஒரு பகல் சண்டை, ஒரு முடி. பிரான்சின் வடக்கேயுள்ள அதே நோர்மண்டியிலிருந்து தெற்கே வந்தவர்களின் கதை அப்படி இல்லை. தொடக்கத்தில் இங்கே படையெடுப்பு என்ற ஒன்றே கிடையாது. வந்தவர்கள் கூலிக்கு வந்தார்கள்.

தெற்கு இத்தாலி அப்போது துண்டு துண்டாகக் கிடந்தது. புல்யாவும் கலாப்ரியாவும் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் கையில். சலேர்னோ, கப்புவா, பெனவெந்தோ மூன்றிலும் லொம்பார்ட் இனத்து இளவரசர்கள். நேப்பிள்ஸும் அமால்ஃபியும் தனித்தனி ஆட்சிகள். சிசிலி முஸ்லிம் அமீர்களிடம். ஒருவருக்கும் ஒருவரோடும் ஒத்துப்போகவில்லை.

முதல் நோர்மன்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு இரண்டு கதைகள். 999 அளவில் ஜெருசலேம் யாத்திரை முடித்துத் திரும்பிய நோர்மன்கள், முற்றுகையில் கிடந்த சலேர்னோவுக்காகச் சண்டை போட்டார்களாம். இளவரசர் மகிழ்ந்துபோய், ஊரிலிருந்து இன்னும் ஆட்களைக் கூட்டிவரச் சொன்னாராம். மற்றது 1016. கார்கானோ மலையில் தேவதூதர் மிக்கேலின் குகைக் கோயிலைக் கும்பிட வந்தவர்களை, பைசாந்தியத்துக்கு எதிராகக் கலகம் செய்துகொண்டிருந்த பாரி நகரத்துப் பிரபு மேலுஸ் பிடித்துப் பேசி உதவி கேட்டாராம். இரண்டும் எவ்வளவு உண்மையோ, இரண்டிலும் யாரோ ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்.

மேலுஸின் கலகம் 1018இல் கன்னேயில் நொறுங்கியது. பழங்காலக் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமரை அடித்த அதே கன்னே. உயிர் தப்பிய நோர்மன்களில் சிலர் கொஞ்ச நாளில் தங்களை அடித்த பைசாந்தியரிடமே சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். சம்பளம் தந்தவன் எசமான், அவ்வளவுதான்.

1030இல் நேப்பிள்ஸ் ஆட்சியாளர் நான்காம் செர்ஜியஸ், ரைனுல்ஃப் என்ற நோர்மனுக்கு அவெர்சாவையும் கொடுத்து, தன் சகோதரியையும் கட்டிக்கொடுத்தார். நோர்மன்களுக்குச் சொந்தமென்று கிடைத்த முதல் நிலம் அது. சகோதரி இறந்தார். ரைனுல்ஃப் உடனே செர்ஜியஸின் எதிரி குடும்பத்தில் பெண் எடுத்துக் கட்சி மாறினார். செர்ஜியஸ் துறவியாகிச் செத்தார்.

7 மார்ச், வெள்ளி

நோர்மண்டியில் ஓட்வில் என்ற சின்ன இடத்தில் தான்க்ரேட் என்றொரு சின்னப் பிரபு. இரண்டு மனைவிகள், பன்னிரண்டு ஆண்பிள்ளைகள், அது போக மகள்மாரும். யாழ்ப்பாணத்துப் பங்குக் காணி மாதிரி பிரித்தால் ஆளுக்கு ஒரு வேலிக்கரைகூடத் தேறாது. ஆகவே ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே புறப்பட்டார்கள்.

மூத்தவர்களில் வில்லியம், 1038இல் சிசிலியைப் பிடிக்கப் போன பைசாந்தியத் தளபதி மனியாகேஸின் படையில் கூலி வீரர். சிராகூஸ் அமீரைத் தனியாகக் கொன்று 'இரும்புக்கை' என்று பெயர் எடுத்தது அங்கேதான். அதே படையில் ஹரால்ட் ஹர்த்ராதாவும் இருந்தார், பின்னர் நோர்வே ராசாவாகி 1066இல் இங்கிலாந்தில் மாண்டவர்.

அந்தப் படை ஒரு குதிரையால் உடைந்தது. நோர்மன்களோடு நின்ற லொம்பார்ட் தலைவர் அர்துயின், கொள்ளையில் தனக்குக் கிடைத்த நல்ல குதிரையைத் தர மறுத்தார். பிடித்து அடித்தார்கள். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். பிறகு அதே பைசாந்தியர் அவரையே மெல்ஃபி நகரத்துக்குப் பொறுப்பாக வைத்தார்கள்! 1041இல் அவர் நோர்மன்களுக்கு வாசலைத் திறந்துவிட்டார்.

முதல் சண்டைக்கு முன் தூது வந்த ஒரு காட்சியை மலத்தேர்ரா என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். பைசாந்தியத் தூதர் அழகான குதிரையில் வந்திறங்கினார். ஹியூ என்ற நோர்மன் அந்தக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றவர், திடீரென்று வெறுங்கையால் அதன் தலையில் ஒரு குத்து விட்டார். குதிரை விழுந்தது. தூதருக்கு அதைவிட நல்ல குதிரை ஒன்றைக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். எனக்கு அந்தத் தடவல்தான் பயமாக இருக்கிறது. அந்த ஒரே வருடத்தில் மூன்று சண்டை, மூன்றிலும் பைசாந்தியர் தோல்வி.

11 மார்ச், செவ்வாய்

சிவிதாத்தே, 1053 ஜூன் 18. நோர்மன் கொள்ளை தாங்காமல் சனம் முறையிட, பாப்பரசர் ஒன்பதாம் லியோ தானே படை திரட்டி வந்தார். எதிரே ஓட்வில் சகோதரர்கள் ஹம்ஃப்ரியும் ரொபேர்ட்டும், அவெர்சாவின் ரிச்சர்டும். இத்தாலியப் படைகள் சீக்கிரம் ஓடிவிட்டன. ஜெர்மனியிலிருந்து வந்த சுவாபியர்கள் மட்டும் கடைசி ஆள்வரை நின்று செத்தார்கள்.

பாப்பரசர் கையில் அகப்பட்டதும் வென்றவர்கள் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவரைப் பெனவெந்தோவுக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் காவலில் வைத்தார்கள். விடுதலையாகிக் கொஞ்ச நாளில், 1054 ஏப்ரலில், அவர் இறந்தார். கும்பிட்ட கையாலேயே கதவைப் பூட்டியவர்கள்.

16 மார்ச், ஞாயிறு – வெனோசா

நேற்று மெல்ஃபி, இன்று வெனோசா. மெல்ஃபிக் கோட்டை, அணைந்துபோன எரிமலையான வுல்த்துரேயின் பக்கத்தில் நிற்கிறது. 1059இல் பாப்பரசர் இரண்டாம் நிக்கோலஸ் மெல்ஃபிக்கு வந்து, ஆறு வருடத்துக்கு முன் பாப்பரசரைச் சிறைபிடித்த அதே ரொபேர்ட்டுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். புல்யாவுக்கும் கலாப்ரியாவுக்கும் பிரபு, இனிமேல் சிசிலிக்கும். சிசிலியில் அப்போது ரொபேர்ட்டுக்கு ஒரு சாண் நிலம் இல்லை. பாப்பரசருக்கும் இல்லை. ரோமில் தன் எதிரிகளைச் சமாளிக்க அவருக்கு வாள் தேவைப்பட்டது, பட்டத்தால் கூலி கொடுத்தார்.

வெனோசாவில் திரித்துவ மடத்துப் பழைய கோயிலுக்குள் ஓட்வில் சகோதரர்களின் எலும்புகள் ஒரே கல்லறையில் கிடக்கின்றன. ஐரோப்பாவை நடுங்கவைத்த ரொபேர்ட்டும் அதற்குள்தான். எளிமையான கல்லறை. அவருடைய முதல் மனைவி அல்பெராதாவுக்கோ தனியாக ஒரு கல்லறை, இரண்டு தூண்களோடு. அதிலுள்ள லத்தீன் வரிகள், இவர் ரொபேர்ட்டின் மனைவி என்றும், மகனைத் தேடுகிறவர் கனோசாவுக்குப் போகட்டும் என்றும் சொல்கின்றன. மகன், அந்தியோக்கியாவைப் பிடித்த சிலுவைப்போர்த் தலைவர் பொஹெமொண்ட். அல்பெராதா நெருங்கிய இரத்த உறவு, அந்தக் கலியாணம் செல்லாது என்று ரொபேர்ட்டுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது 1058 அளவில், சலேர்னோ இளவரசி சிகெல்காய்த்தாவை மணக்க வேண்டியிருந்தபோது!

பின்னால் முடிக்கப்படாத பெரிய கோயில் ஒன்று, கூரையில்லாமல். பழைய ரோமன் ஊரை உடைத்து எடுத்த கல். ஒரு சுவரில் லத்தீன் எழுத்துள்ள கல், இன்னொரு இடத்தில் எபிரேய எழுத்து. கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

22 மார்ச், சனி

ரொபேர்ட்டின் பட்டப்பெயர் கிஸ்கார், தந்திரக்காரர். இத்தாலி வந்தபோது அண்ணன் துரோகோ அவரைக் கலாப்ரியாவில் ஒரு மூலையில் விட்டார். சம்பளம் இல்லை, மாட்டுத் திருட்டிலும் வழிப்பறியிலும் பிழைத்தார். பிசிஞ்ஞானோவின் தலைவர் பீட்டரைச் சமாதானம் பேசக் கூப்பிட்டு, கட்டிப்பிடிக்கப்போவதுபோல் போய்க் குதிரையிலிருந்து இழுத்து விழுத்தித் தூக்கிக்கொண்டு போனார். பெரிய தொகை வாங்கித்தான் விட்டார்.

அவரைப் பற்றி நன்றாக எழுதியது எதிரியின் மகள். பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸின் மகள் அன்னா கொம்னேனா. சிவந்த முகம், பொன்முடி, அகன்ற தோள், நெருப்புச் சிந்தும் கண்கள் என்று வெறுப்பும் வியப்புமாக வர்ணிக்கிறார்.

1081 ஒக்டோபரில், இன்றைய அல்பேனியாக் கரையிலுள்ள துராஸ்ஸோவில் ரொபேர்ட் அலெக்சியோஸோடு மோதினார். நோர்மன்களில் ஒரு பகுதி ஓடத் தொடங்க, சிகெல்காய்த்தா ஈட்டியோடு குதிரையை விரட்டிப் பின்னால் போய், எவ்வளவு தூரம் ஓடுவீர்கள், நின்று ஆண்களாக இருங்கள் என்று கத்தினாராம். எதிர்ப்பக்கத்தில் கோடரியோடு நின்ற, பேரரசரின் வராங்கியக் காவல்படையில் நிறையப் பேர், 1066க்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய ஆங்கிலேயர்கள். ஊரில் ஒரு நோர்மனிடம் தோற்று, இங்கே வந்து இன்னொரு நோர்மனிடம் செத்தார்கள். தஞ்சம் புகுந்த தேவாலயத்தோடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள்.

1084இல் பாப்பரசர் ஏழாம் கிரகோரியை மீட்க ரோமுக்குள் புகுந்த ரொபேர்ட்டின் படை நகரைக் கொள்ளையடித்துக் கொளுத்தியது. மீட்கப்பட்டவர் அதன்பின் ரோமில் இருக்க முடியாமல் அவர்களோடேயே கிளம்பி, அடுத்த வருடம் சலேர்னோவில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து, 1085 ஜூலையில், கெஃபலோனியாத் தீவில் நோய் கண்டு ரொபேர்ட்டும் போனார்.

30 மார்ச், ஞாயிறு

என்னைக் கேட்டால் ரொபேர்ட்டின் கடைசித் தம்பி ரோஜர்தான் ஆள். சிசிலியைப் பிடித்ததே அவர்தான், அதுவும் முப்பது வருடம் எடுத்து. இங்கேயும் கூப்பிட்டுத்தான் வந்தார். கத்தானியாவின் அமீர் இப்ன் அத்-துமனா, தன் மைத்துனரும் எதிரியுமான இப்ன் அல்-ஹவாஸை ஒழிக்கத் துணை கேட்டார். 1061இல் மெஸ்ஸீனா விழுந்தது.

1062–63 குளிர்காலம். மலை உச்சியில் த்ரோயினா. நோர்மன் வீரர்கள் வீட்டுப் பெண்களிடம் சேட்டை விட, அதுவரை வரவேற்ற கிரேக்கக் கிறிஸ்தவர்களே பொறுமை இழந்து முஸ்லிம்களோடு சேர்ந்துகொண்டார்கள். நாலு மாதம் ரோஜரும் இளம் மனைவி ஜூடித்தும் ஊரின் ஒரு மூலைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். சாப்பாடு இல்லை. இருவருக்கும் ஒரே மேலங்கி, வெளியே போகிறவர் போட்டுக்கொண்டு போகவேண்டும். ஒரு நாள் ரோஜரின் குதிரை கொல்லப்பட்டது. வாளைச் சுழற்றி வழிவிட வைத்தவர், ஓடவில்லை, செத்த குதிரையிலிருந்து சேணத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாராம். சேணத்துக்கும் காசுதானே. கடைசியில், குளிருக்குக் குடித்து மயங்கிக் கிடந்த காவல்காரர்கள்மேல் இரவில் பாய்ந்து ஊரை மீட்டார்கள். ரோஜர் குதிரைகள் வாங்கக் கலாப்ரியா போனபோது, ஜூடித்தான் மதில் காவலைச் சுற்றிப் பார்த்தார். பதின்ம வயதைத் தாண்டியிருப்பாரோ என்னவோ.

1068இல் பலர்மோவுக்குப் பக்கத்தில் மிசில்மேரியில் வென்றபோது தூதுப் புறாக்கள் அகப்பட்டன. இரத்தத்தில் எழுதிய செய்தியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள், பலர்மோ விடயத்தை அறிந்தது. 1071இல் பாரி, 1072 சனவரியில் பலர்மோ. முஸ்லிம்கள் தங்கள் சமயத்தோடு இருக்கலாம் என்ற உடன்பாட்டில் நகரம் சரணடைந்தது. ஆளும் கூட்டம் சிறியது, எல்லாரையும் துரத்தினால் வரி கட்ட ஆள் ஏது? கடைசியாக நோத்தோ 1091இல் பணிந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

பெல்லெக்ரினோ மலைக்கு எங்கள் சனத்தோடு ஏறினேன். சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமில்லாமல் பலர்மோத் தமிழர் ரொசாலியா மாதாவிடம் போவார்கள். குகையின் கூரையில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். தலையில் சொட்டாமல் பிடிக்கத் தகரப் பீலிகள் வளைந்து வளைந்து ஓடும். கீழே பொன்னாடை போர்த்துச் சாய்ந்திருக்கும் சிலை.

அந்த ரொசாலியா நோர்மன் அரசவையோடு நெருங்கிய பிரபு வீட்டுப் பெண் என்பது மரபு. 12ஆம் நூற்றாண்டில் அரண்மனையை விட்டு இந்தக் குகைக்கு வந்தாராம். 1624 கொள்ளைநோயின்போது எலும்புகள் கண்டெடுக்கப்பட்டு, ஊர்வலம் போனதும் நோய் நின்றது என்று நகரம் அவரைக் காவலராக ஏற்றுக்கொண்டது. என்னோடு ஏறிய மாமிக்கு நோர்மன் கதை தேவைப்படவில்லை. பேத்திக்கு விசா கிடைத்தால் வெறுங்காலோடு வருவதாக நேர்த்தி வைத்தார்.

25 ஏப்ரல், வெள்ளி

விடுமுறை. சின்யோராவைச் சக்கர நாற்காலியில் வைத்து சீசா மாளிகைக்குக் கொண்டுபோனேன். கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்த 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் அங்கே இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நாலு பக்கமும் ஒரே செய்தி, ஒவ்வொன்றும் தன் தன் ஆண்டுக்கணக்கில்.

அது ரோஜரின் மகன் இரண்டாம் ரோஜரின் காலம். 1130 நத்தார் அன்று பலர்மோவில் முடி சூடியவர். முடி தந்தது ஒரு போட்டிப் பாப்பரசர். உண்மையான பாப்பரசர் இரண்டாம் இன்னொசென்ட் 1139இல் அவரோடு சண்டைக்கு வந்து சிறைப்பட்டு, பிறகு பட்டத்தை ஒப்புக்கொண்டார். குடும்ப வழக்கம் மாறவில்லை. கடற்படைத் தலைவர் அந்தியோக்கியாவின் ஜோர்ஜ், கிரேக்கக் கிறிஸ்தவர். உலகப்படம் வரைந்தவர் அல்-இத்ரீசி, முஸ்லிம். ராசாவின் மேலங்கியில் ஒட்டகத்தை அடிக்கும் சிங்கங்களும் விளிம்பு முழுக்க அரபு எழுத்தும்.

"பார், எல்லாரும் ஒன்றாக வாழ்ந்த காலம்" என்றார் சின்யோரா. கல்லைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் 1161இல் இதே நகரத்தில் கலகக்காரர்கள் முஸ்லிம்களை வெட்டிக் கொன்றார்கள். 1184இல் மெஸ்ஸீனாவில் கப்பலுடைந்து கரையேறிய யாத்திரிகர் இப்ன் ஜுபைரை வைத்துத்தான் நான் சின்யோராவோடு வாதாடினேன். இப்ன் ஜுபைர் தன் பயணக் குறிப்பில், இரண்டாம் ரோஜரின் பேரனான ராசா இரண்டாம் வில்லியமைப் புகழ்கிறார். ஏழை முஸ்லிம் பயணிகளின் படகுக் கூலியை ராசாவே கட்டியதையும், நத்தாருக்கு முக்காடும் மருதாணியுமாகத் தேவாலயம் போன பலர்மோக் கிறிஸ்தவப் பெண்களையும் ஆசையோடு எழுதுகிறார். அரண்மனை ஊழியர் ஒருவர், நீங்கள் சமயத்தை வெளியே சொல்லலாம், நாங்கள் மறைக்கவேண்டும் என்று அவரிடம் சொன்னதையும் எழுதுகிறார். கடைசியில் த்ராப்பானியில் ஒரு தகப்பன், கப்பலுக்குக் காத்திருந்த யாத்திரிகர் ஒருவரிடம் மகனை அனுப்புகிறார். என் சின்ன மகளைக் கூட்டிப்போங்கள், நீங்களே மணமுடியுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊரில் யாருக்காவது கட்டிக்கொடுங்கள், அவள் இந்தத் தீவில் இருக்கவேண்டாம் என்று.

சின்யோரா அந்தப் பக்கத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார். "அவளுடைய தாய் என்ன சொன்னாள் என்று எழுதவில்லையே" என்றார்.