பூக்கட்டச் சொல்லித் தந்த வகுப்பு

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து பார்த்து, கண்டதை நடுவர்கள் முன் சொல்ல வேண்டும். எங்கள் நடுநிலைப் பள்ளியிலிருந்து முதன்முதலாக ஒரு குழுவைக் கூட்டிப்போனபோது, பேச வேண்டியதை நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். ஏழாம் வகுப்புப் பையன் தங்குதடையில்லாமல் ஒப்பித்தான். நடுவர், "சரிப்பா, இந்தக் கணக்கை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார். பள்ளியில் சொட்டும் குழாயில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று அளக்க, பாட்டிலும் கையுமாக மூன்று நாள் உட்கார்ந்தவன் அவன்தான். ஆனாலும் பதில் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மனசில் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்ல முடியாதபடி அவன் வாயைக் கட்டியது நான்தான்.

வகுப்பில் பிள்ளைகள் பேசுவதெல்லாம் எங்களிடம்தான். எங்களுக்கு விடை முன்பே தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அரைகுறையாகச் சொன்னாலும் மீதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம். பிள்ளைகளே பாடத்தைப் படித்துக் கற்கும் படைப்பாற்றல் கல்வி முறையில், கருத்துகளைக் கிளைகிளையாக வரையும் மனவரைபடம் போட்டு, குழுவாகத் தொகுத்துச் சொல்வார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நனைத்த வாழைநாரும் கொஞ்சம் மல்லிகை மொட்டும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். வீட்டில் தினமும் பூக்கட்டும் பெண் ஒருத்தி சொல்ல வேண்டும், நாரைத் தொட்டே பார்க்காத பையன் கட்ட வேண்டும். அவள் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

"ரெண்டு பூவை இப்படி வை. அப்புறம் நாரை அப்படிச் சுத்தி இழு."

அவன் இழுத்தான். பூவெல்லாம் மேசையில் உதிர்ந்தன. அவள் கை தானாக முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் மட்டும் பின்னால் அசைந்துகொண்டிருந்தன. பிறகு, "ரெண்டு மொட்டு வலது பக்கம் பார்க்கட்டும், ரெண்டு இடது பக்கம். நாலு காம்பும் நடுவுல சேரணும். அந்தக் காம்பு மேல நாரை ஒரு சுத்து சுத்து. இப்ப நார்ல ஒரு வளையம் பண்ணி, காம்புல மாட்டி இழு" என்றவள், அவன் விரலைப் பார்த்துவிட்டு, "மெதுவா! காம்பு அறுந்துடும்" என்று சேர்த்தாள்.

அந்தக் கடைசி வரியை யாரும் அவளுக்கு எழுதித் தரவில்லை. கேட்பவன் எங்கே தடுமாறுவான் என்று பார்த்ததால் வந்தது.

மறுவாரம் அந்தக் குழாய்க் கணக்கைச் சத்துணவு அக்காவிடம் போய்ச் சொல்லும்படி பையனை அனுப்பினேன். கூடவே நின்றேன், வாய் திறக்கவில்லை. "20 நிமிஷத்துல ஒரு லிட்டர் பாட்டில் ரொம்புது அக்கா. மணிக்கு 3 லிட்டர். ஒரு நாளைக்கு 72" என்றான்.

"72ன்னா எவ்வளவுடா?"

இந்தத் தடவை அவன் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்தான். "அது எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"பதினஞ்சு இருக்கும்."

"அப்ப கிட்டத்தட்ட அஞ்சு குடம் அக்கா. தினமும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அஞ்சு குடமா? வா, தலைமையாசிரியர்கிட்ட இதே மாதிரி சொல்லு."