கொற்கையில் கடலைத் தேடினேன்
பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பள்ளியில் படித்த கொற்கைக்கு நேற்றுதான் போனேன். கடல் இல்லை! வயல், வாழை, ஒரு குளம், மிகப் பழைய வன்னி மரம். அவ்வளவுதான். கடலோ பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

இது தாமிரபரணி செய்த வேலை. பொதிகையில் பிறந்து 130 கிலோமீட்டருக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் சிறிய ஆறு, நூற்றாண்டுக் கணக்கில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கை தூர்ந்தபின் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டு வியந்த துறைமுகம் அது. பிறகு அதையும் மண் மூடியது. இன்று அதன் பெயரே பழையகாயல். அடுத்துப் போர்த்துகீசியர் காலத்துப் புன்னைக்காயல். ஆறு கடலில் கலப்பது இப்போது அங்கேதான்.

நெல்லைக்காரனான எனக்கு, எங்கள் ஊரில் தாமிரபரணியைக் கடக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது என்று ஆண்டோடு தெரியும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். ஆனால் மூன்று துறைமுகங்கள் இப்படி வரிசையாக இடம்பெயர்ந்த கதை நேற்று வரை தெரியாது. வன்னி மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, துறைமுகம் எங்கே இருந்தது?" என்று கேட்டேன். காலடியைக் காட்டினார்.