ஹண்டிங்டன் ரிப்போர்ட்டில் பார்க்கவேண்டியது எண்ணை

ஹண்டிங்டன் என்பது மூளையைத் தாக்கும் பரம்பரை நோய். அதற்கான மரபணுப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட். 4ஆம் குரோமோசோமில் உள்ள எச்டிடி மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்பதுதான் விஷயம். 26 வரை இயல்பு. 27–35: அவருக்கு நோய் வராது, ஆனால் பிள்ளைக்குப் போகையில் அந்த வரிசை நீளலாம், அப்பா வழியில் அந்த வாய்ப்பு அதிகம். 36–39 இரண்டுங்கெட்டான்: நோய் வரலாம், வராமலும் போகலாம். 40ஐத் தொட்டால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும்.

லேப்காரர்களுக்கு: சாதாரண பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஒரே ஒரு பீக் (வரைபடத்தில் வரும் முகடு) வந்தால், 'மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே நீளம், நார்மல்' என்று முடித்துவிடாதீர்கள். மிக நீண்ட பிரதி பெருகாமலே நழுவியிருக்கலாம், சிறுவயதிலேயே நோய் வந்தவர்களிடம் குறிப்பாக. நீண்ட பிரதியையும் காட்டிக்கொடுக்கும் டிரிப்லெட் பிரைம்டு பிசிஆர் செய்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.