விடுபட்ட 7 விழுக்காடு

கூட்டுத்தொகை நூறைத் தொடாத ஒரு பகுப்பாய்வுதான் ஜெர்மானியத்தைக் காட்டிக்கொடுத்தது என்பதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. 1886-இல் சாக்சனியின் ஃப்ரைபெர்க்கில் கிளெமென்ஸ் விங்க்லர், ஆர்ஜிரோடைட் என்னும் புதிய வெள்ளிக் கனிமத்தைப் பகுத்தபோது, வெள்ளி, கந்தகம் முதலியவற்றின் விழுக்காடுகளை எத்தனை முறை கூட்டியும் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைந்தது. அதைத் தம் கைப்பிழையென்று ஒதுக்காமல் தேடிய அவருக்குப் புதிய தனிமம் கிடைத்தது.

அத்தனிமத்தின் குளோரைடில் எடைப்படி 66.13 விழுக்காடு குளோரின் உள்ளது. 100 கிராமை எடுத்துக்கொண்டு, 66.13-ஐக் குளோரினின் அணு எடையான 35.45-ஆல் வகுத்தால் 1.865 மோல் (ஒரு மோல் என்பது அணு எடைக்குச் சமமான கிராம் அளவு) குளோரின் அணுக்கள் கிடைக்கும். எஞ்சிய 33.87 கிராம் எத்தனை மோல் என்பது குளோரைடின் வேதி வாய்பாட்டைப் பொறுத்தது: ஓர் அணுவுடன் நான்கு குளோரின் அணுக்கள் சேர்ந்திருந்தால் 0.466 மோல், அதாவது அணு எடை 72.6, மூன்று என்று கொண்டாலோ 54.5 வரும், அது மாங்கனீசின் அணு எடையை ஒட்டி நின்று நம்மைத் தடுமாறச் செய்யும். விழுக்காட்டுடன் இணைதிறனும், அதாவது ஓர் அணு எத்தனை குளோரின் அணுக்களுடன் சேரும் என்பதும், தெரிந்தாக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். தனிம அட்டவணையை வகுத்த மெண்டெலீவ், அப்போது கண்டறியப்படாதிருந்த இதே தனிமத்துக்கு எகா-சிலிக்கான் என்று பெயரிட்டு 1871-இல் முன்கூட்டியே குறித்த அணு எடை 72.