300 பார் காற்றில் ஒளிந்திருக்கும் நீர்

காற்றுத் துப்பாக்கிக்கு உயர் அழுத்தக் காற்று நிரப்பும் என் கம்ப்ரஸரின் பிளீட் வால்விலிருந்து (தேங்கிய நீரையும் அழுத்தத்தையும் வெளியேற்றும் திறப்பு) வரும் சிறு குழாயை, உள்ளே வெள்ளைத் துணி திணித்த ஒரு வாயகன்ற டப்பாவுக்குள் விட்டிருக்கிறேன். இயந்திரம் ஓடும்போது ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த வால்வை மெல்லத் திறந்தால், சீறலோடு வெண்புகை போன்ற ஒரு படலம் வெளியேறும். துணியைப் பார்த்தால் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஈரம் படிந்திருக்கும். அது நீரும் எண்ணெயும் கலந்த குழம்பு. வெளியேற்றாமல் விட்டிருந்தால், அதில் ஒரு பங்கேனும் துப்பாக்கிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு இழப்புக்குப் பிறகே வந்தது. கம்ப்ரஸர் வாங்கிய முதல் ஆண்டில், வடிகட்டி என்று ஒன்று இருக்கிறதே என்ற நம்பிக்கையில் நீரை வெளியேற்றாமலேயே முழு நிரப்பலையும் முடித்து, காற்றை நேராகத் துப்பாக்கியின் காற்றுக் குழாய்க்குள் (அழுத்தக் காற்றைத் தேக்கி வைக்கும் பகுதி) ஏற்றிக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் குண்டின் வேகம் ஒவ்வொரு முறை சுடும்போதும் மாறத் தொடங்கியது. காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டுக் குழாயைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தபோது, துப்பாக்கி எப்போதும் படுக்கைவாட்டில் இருந்ததால், அடிப்பக்கத்தில் மட்டும் கோடு கிழித்ததைப் போலத் துரு ஓடியிருந்தது. துருத்தூள், சுடும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் இருக்கை வரை சென்று, அதன் மென்மையான பரப்பில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. அந்தக் குழாயை நான் மறுபடி பயன்படுத்தவில்லை. 200 பார் அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கைத் தாங்க வேண்டிய இரும்பில் துரு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் அளக்க முடியாது.

இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு நீங்கிவிடும். காற்றைச் சேமித்து வைக்கும் 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்ப, ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் வெளிக்காற்று தேவைப்படுகிறது. 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கும் நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 20 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். ஆக, ஒரு சிலிண்டருக்கு 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி நீர். காற்றை எவ்வளவு நெருக்கினாலும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் நிற்கக்கூடிய ஆவியின் அளவு பெரிதாக மாறுவதில்லை என்பதால், ஆறிய பிறகு அந்தச் சிலிண்டருக்குள் ஆவியாக நிற்பது ஒரு கிராமுக்கும் குறைவு. மற்றதெல்லாம் நீராகத்தான் இறங்கும். அது வடிகட்டியில் இறங்குகிறதா, சிலிண்டருக்குள் இறங்குகிறதா என்பதை இயக்குபவரின் கவனமே தீர்மானிக்கிறது.

வடிகட்டியைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. பஞ்சு வைத்த சாதாரண வடிகட்டி, ஏற்கெனவே துளியாகிவிட்ட நீரைத்தான் பிடிக்கும். சூடான காற்றில் ஆவியாக இருப்பது அதைக் கடந்து சென்றுவிடும். எனவே காற்று வடிகட்டியை அடையும் முன்பே ஆற வேண்டும். துளிகளைப் பஞ்சில் விட்ட பின், மிச்ச ஆவியை மாலிக்யுலர் சீவ் மணிகள் (நீராவியை உறிஞ்சும் நுண்துளை மணிகள்) உறிஞ்ச வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்கும்போது காற்று வேகமாகவும் ஈரமாகவும் வடிகட்டியைக் கடப்பதால், காலியான சிலிண்டரின் தொடக்க நிரப்பல்தான் மிக மோசமானது. சிலிண்டரை 200 பாருக்குக் கீழே இறங்கவிடாமல் அவ்வப்போது மேலேற்றிக்கொள்வதை நான் பரிந்துரைப்பது இதனால்தான். துப்பாக்கியை நேரடியாக நிரப்புவதைவிட, முதலில் சிலிண்டரில் சேமித்து, ஆறவிட்டு, பிறகு மெதுவாகத் துப்பாக்கிக்கு மாற்றுவது நல்லது.

அடுத்த எதிரி வெப்பம். நம்மில் பலர் வைத்திருப்பது இரண்டு கட்டக் கம்ப்ரஸர். ஒவ்வொரு கட்டமும் காற்றை ஏறக்குறைய 17 மடங்கு நெருக்கினால் 300 பாரை நெருங்கலாம். ஆனால் 30 பாகையில் இருக்கும் காற்றை வெப்பம் வெளியேற வழியில்லாமல் 17 மடங்கு நெருக்கினால், கணக்கின்படி அது 400 பாகையைத் தாண்டிவிடும். கம்ப்ரஸருக்குள் பிஸ்டன் ஓடும் உருளையின் சுவரும் குளிர்நீரும் அந்தச் சூட்டை இடைவிடாமல் இழுத்துக்கொள்வதால்தான் இயந்திரம் பிழைக்கிறது. ஆகவே மோட்டாரைப் போடும் முன் நீர் பம்ப் ஓடுகிறதா, திரும்பும் குழாயில் நீர் விழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். தலைப்பகுதி 60 பாகையைத் தொட்டால் நான் நிறுத்திவிடுவேன். சூடாக இருக்கும்போது கேஜ் காட்டும் எண்ணையும் முழுதாக நம்பிவிடக் கூடாது: 60 பாகையில் 300 பார் காட்டிய சிலிண்டர், 30 பாகைக்கு ஆறியதும் 273 பார் அளவில்தான் நிற்கும். அது கசிவு அல்ல.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் ஆபத்து. வாகன எஞ்சின் எண்ணெயையோ கைக்குக் கிடைத்த கிரீஸையோ இந்த இயந்திரத்தில் பயன்படுத்தவே கூடாது. சூடான, நெருக்கப்பட்ட காற்றில் அவை டீசல் எஞ்சினில் நடப்பதைப் போலவே தீப்பற்றக்கூடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் கம்ப்ரஸர் எண்ணெயை மட்டும் ஊற்ற வேண்டும். காற்று கசியாமல் அடைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் போதும். எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடித் துளையில் எண்ணெய் வெண்மையாகக் கலங்கித் தெரிந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மாற்ற வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து துப்பாக்கியை நிரப்பலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: ஒருபோதும் கூடாது. தூய ஆக்சிஜனும் துளி எண்ணெயும் உயர் அழுத்தத்தில் சந்தித்தால் வெடிக்கும்.

அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடான பர்ஸ்ட் டிஸ்க் கிழிந்தால் அதே அளவில், அதே அழுத்தத்துக்கு உரிய புதியதையே போட வேண்டும். இரண்டு தகடுகளைச் சேர்த்துப் போடுவதும், கிடைத்த உலோகத் துண்டை வெட்டிப் போடுவதும், நம் முகத்துக்கு நேராக இருக்கும் ஒரே காவலை நாமே அகற்றுவதற்குச் சமம்.

இயக்கும் முறை எளிது. பிளீட் வால்வு திறந்த நிலையில் மோட்டாரை ஓடவிட்டு, பிறகே மூடி அழுத்தம் ஏற்ற வேண்டும். முடிக்கும்போது வால்வைத் திறந்து, சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைக்க வேண்டும். தானாக நிற்கும் வசதி இருந்தாலும் இயந்திரத்தை விட்டு நான் நகர்வதில்லை.

ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஒரு நோட்டில் மூன்று எண்களை எழுதுகிறேன்: மொத்தம் ஓடிய மணி நேரம், மாலிக்யுலர் சீவ் மணிகளின் எடை, ஒரே சிலிண்டர் 200 பாரிலிருந்து 300 பாருக்கு ஏற எடுத்த நேரம். எடை கூடியிருந்தால் மணிகள் நீரைக் குடித்துவிட்டன என்று அறிந்து மாற்றுவேன். கடந்த மாதம் மூன்றாவது எண் 18 நிமிடத்திலிருந்து 24 நிமிடமாக நீண்டிருந்தது. சத்தத்தில் மாற்றம் இல்லை, சோப்பு நீர் தடவிய எந்த இணைப்பிலும் குமிழி இல்லை. ஆறவிட்டு, அழுத்தம் பூஜ்ஜியமானதை உறுதி செய்துகொண்டு தலைப்பகுதியைக் கழற்றினேன். உயர் அழுத்தப் பிஸ்டனின் ஓ-ரிங், ஒரு பக்கம் மட்டும் கரியாகி, நகத்தால் தொட்டதும் உதிர்ந்தது.