துணைக்கு ஆள் கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பு

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனை எதுவானாலும் நோயாளியுடன் ஓர் அட்டெண்டர் வந்தே ஆக வேண்டும் என்று சென்னை மருத்துவமனைகளில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்குக் கொடுக்கும் மருந்து சற்று நேரத்தில் தெளிந்துவிட்டதுபோல் தோன்றினாலும் நிதானமும் நினைவும் முழுமையாகத் திரும்பக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது, பொறுப்பான ஒருவருடன்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள். கணவர் காலமாகி, ஒரே மகள் கனடாவில் குடியேறிவிட, நங்கநல்லூரில் தனியாக இருக்கும் எனக்குப் பரிசோதனையைவிட அந்தக் கடைசி வரிதான் பெரிய கவலையாக இருந்தது.

சொந்தக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தாம்பரத்தில் சித்தி மகள் இருக்கிறாள். கூப்பிட்டால் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். ஆனால் அவள் வருவதென்றால் பரிசோதனை எதற்கு என்ற கேள்வியும் கூடவே வரும். முடிவு என் கைக்கு வருவதற்கு முன்பே, எனக்குக் குடலில் ஏதோ என்று மதுரை வரை செய்தி போயிருக்கும். இத்தனை வயதில் உடம்பைப் பற்றிய செய்தியை எப்போது, யாரிடம் சொல்வது என்பதையாவது நானே தீர்மானிக்க வேண்டும் என்று விரும்பினேன். ஆகவே, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பெண்களுக்குத் துணையாகப் பெண்களையே அனுப்பும் சேவை ஒன்றின் எண்ணை வங்கியில் உடன் வேலை பார்த்த தோழி கொடுத்தபோது வாங்கி வைத்துக்கொண்டேன். எண்ணை வாங்கியது எளிதாக இருந்தது. அதை அழுத்துவதற்குத்தான் கை வரவில்லை.

தயக்கத்துக்கு முதல் காரணம் வெட்கம்தான். சமையலுக்கும் பாத்திரம் துலக்கவும் ஆள் வைப்பதில் நமக்குக் கூச்சமில்லை. நோயாளிக்கு நர்ஸ் வைப்பதிலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓர் ஆளைக் காசு கொடுத்து அழைப்பது மட்டும், நமக்கென்று யாருமில்லை என்று ஊருக்குப் பறைசாற்றுவதுபோல் இருக்கிறது. ஆற அமர யோசித்துப் பார்த்தால், நம் குடும்பங்களில் துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் கூலி வாங்காமல் வந்தார்களா என்ன? என் தாத்தா வீட்டில் அத்தைப் பாட்டி ஒருவர் இருந்தார். பதின்வயதிலேயே விதவையானவர். பிரசவம் என்றாலும் டைபாய்டு என்றாலும் வீட்டுப் பெண் ரயிலில் தனியாகப் போக வேண்டும் என்றாலும் அவரைத்தான் மூட்டை கட்டி அனுப்புவார்கள். சோறும் தீபாவளிக்கு ஒரு புடவையும்தான் அவருக்குக் கிடைத்த ஊதியம். போக விருப்பமா என்று ஒருவரும் அவரைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டோம். எத்தனை மணிக்கு வருவார், எப்போது கிளம்புவார், என்ன பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு வரும் ஒரு பெண்ணை அமர்த்துவது அதைவிட நேர்மையான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஒன்றை நான் கேட்கவில்லை என்பதும் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. முதியவர்களுடன் பேசவும் வெளியே போகவும் இளைஞர்களை அனுப்பும் குட்ஃபெல்லோஸ் என்ற நிறுவனம் ரத்தன் டாடாவின் முதலீட்டுடன் 2022இல் மும்பையில் தொடங்கப்பட்டது. டோக்கியோவில் ஷோஜி மோரிமோட்டோ என்பவர், தாம் எதுவும் செய்வதில்லை, கூட மட்டும் இருப்பேன் என்று அறிவித்து 2018 முதல் இதையே தொழிலாக நடத்தி வருகிறார்.

இரண்டாவது காரணம் பயம். அதில் நியாயமும் உண்டு. பெண்களுக்குத் துணை என்று இணையத்தில் தேடினால் மருத்துவமனைக்குக் கூட வருகிறவர்களும், பிரெண்ட்ஷிப் கிளப் என்ற பெயரில் எதை எதையோ விற்கிறவர்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கிறார்கள். பதிவுக் கட்டணம், பிறகு உறுப்பினர் கட்டணம், பிறகு திருப்பித் தரப்படும் முன்பணம் என்று படிப்படியாகப் பணம் கறந்துவிட்டு, கடைசியில் ஆளையும் அனுப்பாமல் எண்ணையும் அணைத்துவிடும் கும்பல்களைப் பற்றி நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஏமாந்தவர்கள் வெளியே சொல்லக் கூசுவார்கள் என்பதுதான் அந்தக் கும்பல்களின் மூலதனம். அப்படிப் பணம் போய்விட்டால் இணையப் பணமோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் செய்ய வேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறைகிறது. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூடப் பேச்சை வளர்க்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

இந்த இரண்டையும் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு உதவியது ஒரு சிறிய காரியம். பேச வேண்டியதை மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் நாலைந்து வரியாக எழுதி வைத்துக்கொண்டேன். எந்தப் பகுதியில் இருக்கிறேன், எதற்கு ஆள் வேண்டும், காலையிலிருந்து மாலை வரை எவ்வளவு நேரம், பெண்தான் வர வேண்டும், இவ்வளவுதான். வீட்டு எண், தெரு, தனியாக இருக்கிறேன் என்ற விவரம் ஆகிய மூன்றையும் முதல் அழைப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். விசாரிப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு; கடையில் புடவையை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்காமல் எழுந்து வருவதற்குக் கூச்சப்படாத நாம் இங்கே மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் மணி அடிக்கும்போது நெஞ்சு படபடத்தது.

எடுத்தவர் நடுத்தர வயதுப் பெண் என்று குரலில் தெரிந்தது. நான் எழுதி வைத்ததை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அவர் சற்றும் அவசரப்படாமல், "சரிங்க மேடம். உங்களுக்குப் பேசிக்கிட்டே இருக்கிற ஆள் வேணுமா, இல்ல பேசாம கூட இருக்கிற ஆள் வேணுமா?" என்று கேட்டார். இப்படியொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நிறைய பேர் ஸ்கேனுக்கோ பரிசோதனைக்கோ காத்திருக்கும்போது யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள், சிலருக்கோ பேச்சு நின்றால் பயம் வந்துவிடும், அதனால்தான் முதலில் கேட்டுவிடுகிறோம் என்று அவரே விளக்கினார். இதையே தினமும் கேட்டுக் கேட்டுப் பழகியவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்ததும் படபடப்பு அடங்கிவிட்டது. பேசாத ஆள் போதும் என்றேன்.

அதன் பிறகு கேள்வி கேட்பது என் முறையாயிற்று. வரும் பெண்ணின் அடையாள அட்டை நகல், காவல்துறைச் சரிபார்ப்பு, முன்பு போய் வந்த வீடுகளில் பேசத் தயாராக இருக்கும் யாரேனும் ஒருவரின் தொடர்பு ஆகியவற்றைக் கேட்டேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க முடிகிறது என்பதால், நாணயமாக நடத்துகிறவர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பணத்தை வேலை முடிந்த பிறகுதான் தர வேண்டும் என்றும், ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு என்னுடையது என்றும் அவர்களே சொன்னார்கள். முதல் சந்திப்பை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டமுள்ள ஒரு காபிக் கடையில் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்திப்பில் தெளிவுபடுத்திக்கொண்ட ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உடன் வருகிறவர்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனாலேயே அந்நியரை அழைக்க அஞ்சுகிறோம். வயதுவந்த, சுயநினைவுள்ள நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில், உயிருக்கு ஆபத்தான அவசரம் ஏதும் இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்க்கே அந்த அதிகாரம் இல்லையென்றால் துணைக்கு வரும் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? அவர் செய்ய வேண்டியது, என் கைப்பையைப் பார்த்துக்கொள்வது, மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது, என்னைப் பத்திரமாக வீட்டில் சேர்ப்பது. சிக்கல் ஏதேனும் நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண்ணாக மகளுடையதைக் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

வந்தவர் முப்பது வயதைத் தாண்டிய பெண். காபியை ஆற்றிக்கொண்டே, மருத்துவமனையில் யாராவது கேட்டால் அத்தை என்று சொல்லட்டுமா, மேடம் என்று சொல்லட்டுமா என்று கேட்டார். சிலர் அக்கா என்று சொல்லச் சொல்வார்களாம். ஒரு பெரியம்மா தம்முடைய மருமகள் என்றே சொல்லச் சொன்னாராம். பொய் எதற்கு, துணைக்கு வந்திருக்கிறேன் என்றே சொல்லுங்கள் என்றேன். சொன்னபோது எனக்கே சற்று நிம்மதியாக இருந்தது.

பரிசோதனை நாளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முந்தைய நாள் இரண்டு லிட்டர் மருந்துக் கரைசலைக் குடித்து முடிப்பதுதான் உண்மையான சோதனை; அதற்கு எந்தத் துணையும் உதவாது. மயக்கம் தெளிந்தபோது துணைக்கு வந்த பெண் என் கண்ணாடியைத் துடைத்துத் தயாராகக் கையில் வைத்திருந்தார். மருத்துவர் சொன்னதை நான் முற்றிலும் மறந்திருந்தேன். அந்தப் பெண் அதைத் தாளில் எழுதி வைத்திருந்தார். பயப்படும்படி ஒன்றுமில்லை என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் மகளுக்குச் சொன்னேன்.

இப்போது கண்புரை அறுவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே பெண் வருவாரா என்று கேட்டதற்கு, அவரை வேறொரு வீட்டில் மாதச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டுவிட்டார்கள், வேறு ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள். அவரையும் முதலில் காபிக் கடையில்தான் பார்க்கப்போகிறேன். இந்த முறை அழைப்பதற்கு எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.