ரூகர் 10/22: பேரலும் ஸ்கோப்பும் மாத்தின அனுபவம்

காலேஜ்ல என்சிசில இருந்தப்போ 25 மீட்டர்ல குப்புறப் படுத்து .22 (0.22 இன்ச் குழல்) ரைஃபிள்ல சுட்டு குரூப்பிங், அதாவது தோட்டாக்கள் எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு பார்த்தது, அதுக்கப்புறம் ரைஃபிளையே தொடல. டெக்சாஸ் வந்து ஆறு வருஷம் கழிச்சு போன வருஷம்தான் ஒரு ரூகர் 10/22 வாங்குனேன், அதுவும் .22 ரைஃபிள்தான். 1964ல வந்த மாடல், செமி ஆட்டோ, பத்து தோட்டா பிடிக்கிற உருண்டை மேகஸின். 50 யார்டுல மணல் பையில வச்சு அஞ்சு தோட்டா சுட்டா ரெண்டு இன்ச்சுக்குப் பரவும். எனக்கு அஞ்சும் ஒரு குவார்ட்டர் காசுக்குள்ள (25 சென்ட் காசு, ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி) விழணும், அவ்வளவுதான் ஆசை.

முதல்ல பேரல்லதான் கை வச்சேன். இதுல பேரல ரிசீவர்ல (சுடுற பொறிமுறை இருக்கிற நடுப்பகுதி) மரை போட்டு முறுக்கியிருக்க மாட்டாங்க, ஒரு வி-பிளாக்கும் ரெண்டு ஆலன் ஸ்க்ரூவும்தான் பிடிச்சிருக்கும், அதனால மேகஸின கழட்டி சேம்பர் (பேரல்ல தோட்டா உட்கார்ற அறை) காலியான்னு கண்ணால பார்த்து விரல விட்டும் பார்த்துட்டா வீட்டு மேசையிலயே மாத்திடலாம். நீளமா இருந்தா குறி நல்லா வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, .22க்கு அது சரியில்ல, 16 இன்ச்சுக்குள்ளயே மருந்து எரிஞ்சு முடிஞ்சிடும். கனம்தான் முக்கியம், கனமா இருந்தா பையில ஆடாம உட்காரும். நான் .920 இன்ச் தடிமன்ல 18 இன்ச் நீள புல் பேரல் (bull barrel, தடிச்ச கனமான பேரல்) எடுத்தேன். சேம்பர் பென்ட்ஸ் வகை. போட்டிக்குன்னு செய்யற முழு மேட்ச் சேம்பர் ரொம்ப இறுக்கம், செமி ஆட்டோவுல கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) மாட்டிக்கும், பென்ட்ஸ் அதுக்கும் சாதாரண சேம்பருக்கும் நடுவுல இருக்கு. ஒண்ணு மட்டும் கவனம், ஸ்டிங்கர் மாதிரி கேஸ் நீளமான தோட்டாவ இதுல போடவே கூடாது.

தடிமன் பேரலுக்குன்னே விக்கிற ஸ்டாக் (ரைஃபிளோட மரக்கட்டை) தனியா வாங்கணும், பழசுல உட்காராது. பேரல் மரத்துல முட்டினா குறி மாறும், நடுவுல இடைவெளி இருக்கணும். புது ஸ்டாக்குலயும் ஒரு டாலர் நோட்ட பேரலுக்கும் மரத்துக்கும் நடுவுல விட்டு இழுத்தா முனையிலருந்து நாலு விரக்கடை தள்ளி சிக்குச்சு. அந்த இடத்த மட்டும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சேன், ரெண்டு ராத்திரி ஆச்சு, இப்ப நோட்டு வழுக்கிட்டுப் போகுது.

இவ்வளவும் பண்ணிட்டு ரேஞ்சுக்குப் போனா ஒன்றரை இன்ச். மனசே விட்டுப்போச்சு. பக்கத்து பெஞ்ச்ல சுட்டுட்டிருந்த ஒரு பெரியவர்தான் ரைஃபிளத் தொடாம தலைய மட்டும் மேலயும் கீழயும் ஆட்டிப் பாருன்னார். பார்த்தா ரைஃபிள் அசையல, குறுக்குக் கோடு மட்டும் கருப்பு வட்டத்தோட நடுவுலருந்து ஓரம் வரைக்கும் ஓடுது! அது மான் வேட்டை ரைஃபிள்ல இருந்து கழட்டின ஸ்கோப், பாரலாக்ஸ், அதாவது கண்ணு நகர்ந்தா கோடு நகர்ற மாதிரி தெரியுறது, 100 யார்டுல மட்டும் வராத மாதிரி செட் பண்ணினது. ஒவ்வொரு தடவையும் கன்னம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா குறியும் தள்ளிப் போகும், இதுக்குப் பேரல் என்ன பண்ணும்?

அப்புறம் முன்னாடி வளையம் திருப்பி தூரத்த செட் பண்ற ஏஓ (அட்ஜஸ்டபிள் ஆப்ஜெக்டிவ்) ஸ்கோப் ஒண்ணு வாங்குனேன், 4-12 பவர். வளையத்த 50ல வச்சு தலைய ஆட்டினேன், கோடு நகரல. ஸ்கோப் திருகு ஒரு கிளிக்குக்கு கால் எம்ஓஏ (ஒரு எம்ஓஏன்னா 100 யார்டுல கிட்டத்தட்ட ஒரு இன்ச்) நகர்றதால 50 யார்டுல எட்டு கிளிக்குக்கு ஒரு இன்ச், ஜீரோ பண்ண, அதாவது குறி வச்ச இடத்துலயே தோட்டா விழற மாதிரி சரி பண்ண, பத்து நிமிஷம்கூட ஆகல. தோட்டாவும் மாத்தினேன், 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, நொடிக்கு 1,070 அடி, ஒலி வேகத்துக்குக் கீழயே போறதால வழியில குலுங்காது. அடுத்தடுத்து நாலு குரூப், பெருசே முக்கால் இன்ச்தான். அந்த அட்டைய மடிக்காம பத்திரமா வச்சிருக்கேன்.

கையில ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா முதல்ல ஸ்கோப் வாங்குங்க, பேரல் காத்திருக்கும். அடுத்து 100 யார்டு போகப் போறேன். 50ல ஜீரோ வச்சா அங்க ஆறு ஏழு இன்ச் கீழ இறங்கும், அத கிளிக்ல சரி பண்ணிடலாம், காத்துதான் படுத்தும், அதனால காலைல ஏழு மணிக்கே பெஞ்ச் பிடிக்கணும்.